சாம்பிராணி மணத்த கூடாரம்

எழுதத் தெரிந்த ஆட்கள் எவ்வளவோ பேர் இருக்க, நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓ.எல். சோதனையை இரண்டு தரம் எடுத்தும் கணக்கில் சித்தியடையாதவன் நான். நாலு பேர் இருக்கிற அறையில் வாய் திறக்கக் கூச்சம். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டால்கூட என் மனைவிதான் சொல்லுவாள். மான் வேட்டையைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தகுதி குறைவு. இந்த நாட்டில் ஒரு துவக்கைக் கையால் தொட்டதில்லை. நான் தொட்டது துணியை மட்டும்தான். அந்தத் துணிக்கு என்ன நடந்தது என்பது என்னைத் தவிர ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில், ரயில் பாலத்தின் வளைவு ஒன்றுக்குள் இருந்த சோபா செய்யும் வேலையிடத்தில் தையல் மெஷினில் இருந்தேன். ஒரு பக்கம் மரச்சட்டங்கள், மற்றப் பக்கம் கூரை முட்ட ஸ்பொஞ்ச். துணி வெட்டுகிறவர் எங்கள் ஊர்ப்பக்கத்து அண்ணை ஒருவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அங்கே என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

அந்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு வேலை குறைந்தது. பெப்ரவரி முடிவில் இரண்டு பேரை நிற்பாட்டப் போகிறார்கள், பெயர் கொடுக்கிறவர் ஃபோர்மன் என்று கதை வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறு வேலை தெரியாது என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், வேலை தேடப் போனால் தெரியாத வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் கதிரையில் இருந்து இங்கிலீசில் என்னைப் பற்றி நானே சொல்லவேண்டும் என்பது. இந்த வேலையை அண்ணைதான் எனக்காகக் கேட்டு வாங்கித் தந்தவர். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இது போனால் எனக்காகக் கேட்க ஆள் இல்லை.

அந்தக் கதை வந்த நாளிலிருந்து எல்லாமே சந்தேகம்தான். ஃபோர்மன் காலையில் வணக்கம் சொன்னால் ஏன் சொன்னார் என்று யோசிப்பேன். சொல்லாவிட்டால் அதற்கும் யோசிப்பேன். பக்கத்து மெஷின்காரி என் மெஷினைப் பார்த்தால், நான் இன்றைக்கு எத்தனை உறை தைத்தேன் என்று எண்ணுகிறாளோ என்று தோன்றும்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு வியாழக்கிழமை ஃபோர்மன் என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். பெரிய உடம்பு, இரண்டு முழங்காலும் பழுது.

"சனிக்கிழமை உனக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்றேன்.

"எனக்கு ஒரு ஹைட் வாங்கவேண்டும். துணி தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். சத்தம் போடாத ஆளாகவும் வேண்டும்."

ஹைட் என்றால் ஆள் ஒளிந்திருக்கிற சின்னக் கூடாரம். எசெக்ஸில் ஒரு பண்ணையில் மான் சுட அவருக்கு அனுமதி இருந்தது. துவக்குக்கு லைசென்ஸும் இருந்தது. முன்பெல்லாம் ஏணி வைத்து மரத்தில் ஏறி இருந்து சுடுவாராம். இப்போது முழங்கால் ஏறவிடுவதில்லை. நிலத்தில் வைத்துச் சுடுவதற்குக் கூடாரம் வேண்டும். அதைத் தூக்கி வரவும் ஆள் வேண்டும். பெண்மான் சுடுவதற்குப் பெப்ரவரி முடிவு வரைதான் காலம். அதற்குள் மானைக் குறைக்காவிட்டால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று பண்ணைக்காரர் சொல்லியிருந்தாராம். மான்கள் அவருடைய கோதுமைப் பயிரை மேய்ந்து முடிக்கின்றன.

அவர் போன பிறகு அண்ணை வெட்டும் மேசையை விட்டு வந்தார்.

"என்னவாம்?"

சொன்னேன்.

"மான் சுடப் போறவன் உன்னை ஏன் கூப்பிடுறான்?"

"துணி தெரியும் எண்டு சொல்லுறார் அண்ணை."

"துணி எனக்குத் தெரியாதோ? நான் வெட்டித் தாறதைத்தானே நீ தைக்கிறாய்."

நான் தைத்துக்கொண்டிருந்த உறையைத் திருப்பினேன்.

"தம்பி, வாய் திறக்காத ஆளைத்தான் உளவுக்குப் பிடிப்பினம். இஞ்சை ஆர் என்ன செய்யினம், ஆர் எத்தினை மணிக்கு வருகினம் எண்டு உன்னட்டைப் பிடுங்கப் போறான். அதுக்குத்தான் மானும் மண்ணாங்கட்டியும்."

"போகாட்டி என்ரை பேரைக் குடுத்திடுவார் எண்டு பயமாக் கிடக்கு."

"போனாலும் குடுப்பான்."

அவர் சொன்னது என் நன்மைக்கா, அல்லது தன்னைக் கூப்பிடவில்லை என்ற எரிச்சலா என்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் போகாமல் விட்டால் யாருக்கு லாபம் என்றும் யோசித்தேன். அதற்கு முன் அண்ணையைப் பற்றி நான் அப்படி நினைத்ததில்லை.

சனிக்கிழமை போனோம். பழைய இராணுவச் சாமான் விற்கிற கடை. வாசலில் சப்பாத்துக் குவியல். கடைக்காரர் ஃபோர்மனோடு சிரித்துக் கதைத்தார். கண் மட்டும் என் கையில் இருந்தது.

"எந்த நாட்டுக்காரன்?" என்று என்னைக் கேட்காமல் ஃபோர்மனைக் கேட்டார்.

"சிலோன்."

"அங்கே சண்டை நடக்கிறதே." அதற்குப் பிறகு அவர் என்னைவிட்டு இரண்டடிக்கு மேல் விலகவில்லை. "துணி யாருக்கு?" என்று இரண்டு தரம் கேட்டார்.

மூன்று கூடாரம் காட்டினார். முதலாவது வெறும் வலையும் நாலு தடியும். மலிவு. ஆனால் வலையின் கண்ணில் என் கோட்டுப் பொத்தான் உடனே மாட்டியது. துவக்கோடு திரும்புகிற ஆளுக்கு இது சரிவராது என்று நினைத்தேன். இரண்டாவது அமெரிக்கச் சாமான், புதுசு. உறையிலிருந்து எடுத்து உதறினால் குடைபோலத் தானே விரியும். நைலோனில் இலை படம் அச்சடித்திருந்தது. ஃபோர்மனுக்கு அதில்தான் ஆசை. விரித்ததும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் துணியின் ஓரத்தைப் பிடித்துக் கண்ணை மூடிக் காதோரம் வைத்துத் தேய்த்தேன். வேலையில் புதுத் துணி வந்தால் நான் அப்படித்தான் பார்ப்பேன். சிப்ஸ் பைக்கற்றைக் கசக்குகிற மாதிரிச் சத்தம். விரலை நாக்கில் தொட்டு அதில் வைத்தேன். ஈரம்பட்ட இடம் மினுங்கியது. அந்த இலையும் ஜூன் மாதத்து இலை. பெப்ரவரியில் அந்தப் பச்சை எங்கே இருக்கிறது?

மூன்றாவது பழைய இராணுவப் பருத்தித் துணி. பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். தூக்கினால் பாரம். மடிப்பில் கொஞ்சம் வெளிறியிருந்தது. காதோரம் தேய்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஈரம் வைத்தேன். கறுத்தது, மினுங்கவில்லை.

"இது," என்றேன். அன்றைக்கு நான் பேசிய முதல் சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

கடைக்குள்ளேயே அதை நிற்பாட்டி உள்ளே போய் ஒரு ஸ்டூலில் இருந்து பார்த்தேன். முன்னும் பின்னும் திறப்பு இருந்தது. பின்பக்கத்து வெளிச்சத்தில் என் உருவம் முன்பக்கத்துக்கு நிழல்படம்போலத் தெரிவதாக ஃபோர்மன் வெளியில் நின்று சொன்னார். பின்பக்கத்தை முழுதாக மூடவேண்டும். முன்னால் மட்டும், அவர் இருக்கும் உயரத்துக்கு இரண்டு சின்ன யன்னல் வேண்டும். வாசலில் இருந்த சிப்பும் ஆகாது. சிப் இழுத்தால் அந்தச் சத்தம் வயல் முழுக்கக் கேட்கும். ஒட்டுப்பட்டி அதைவிட மோசம். யன்னல் மூடிக்கு, சோபாவில் நாங்கள் வைக்கிற துணி மூடிய பொத்தானும் நூல் வளையமும் போடலாம் என்றேன். ஃபோர்மன் என் முதுகில் தட்டினார். தட்டியது ஏன் என்று பஸ் நிறுத்தம் வரைக்கும் யோசித்தேன்.

தைப்பதற்கு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார்.

"தோய்க்காதே. வீட்டுக்குள் வைக்காதே. தைத்து முடிந்ததும் மழையில் தொங்கவிடு. மான் உன் முகத்தைப் பார்க்கும் முன் உன் மணத்தைப் பிடித்துவிடும்."

சரி என்றேன்.

மனோர் பார்க்கில் எங்கள் வீடு. கோயில் இருக்கிற சேர்ச் ரோட்டுக்கு நடந்து போகலாம். மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் போவாள். ஒரு நேர்த்திக்காக மச்சம் மாமிசம் விட்டு ஐந்து வருடம். வள்ளி மான் வயிற்றில் பிறந்தவள். அவளையும் முருகனையும் கும்பிட்டுவிட்டு வருகிறவளிடம், மான் சுடுவதற்குக் கூடாரம் தைக்கப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? வேலை போய்விடும் என்ற கதையையும் நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அதைச் சொல்லாதபடியால் இதையும் சொல்ல முடியவில்லை.

கட்டை அவிழ்த்ததும் அவள் பின்னுக்குப் போனாள்.

"இது ஆமிச் சீலையெல்லே?"

"ஃபோர்மன்ரை. மீன் பிடிக்கப் போறதுக்கு."

"எந்த ஆமிக்காரன் இதுக்குள்ளை கிடந்து செத்தவனோ."

"இது இங்கிலீசு ஆமியின்ரையப்பா."

"அவங்களும் சாகிறவங்கள்தானே."

நான் அதைச் சமையலறை மெஷினில் வைத்துப் பின்பக்கத்தை மூடித் தைத்தேன். யன்னல் வெட்டினேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மீன் பிடிக்கிற ஆளுக்கு யன்னல் என்னத்துக்கு?"

"காத்துக்கு."

"அப்ப யன்னலுக்கு மூடி?"

"குளிருக்கு."

"காத்தும் வேணும், குளிரும் வேண்டாம். நல்ல மீன்தான்." பைப்பை மூடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஞாயிற்றுக்கிழமையில எங்கையோ போகப் போறியள். அது மட்டும் விளங்குது."

அடுத்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். கூடாரம் மாடிப்படிக் கைப்பிடியிலிருந்து கீழ்வரைக்கும் தொங்கியது. அதன் அடியில் சாம்பிராணிக் கிண்ணம். புகை உள்ளே ஏறி யன்னல் இரண்டாலும் வந்துகொண்டிருந்தது.

"இதை ஏன் நீர் தோய்ச்சனீர்?"

"ஊத்தைச் சீலையைச் சாமிப்படம் இருக்கிற வீட்டிலை வைச்சிருக்க ஏலாது. குளிக்கிற தொட்டியிலை போட்டு மிதிச்சனான். மூண்டு தண்ணி கறுப்பாய் ஓடினது. வாசத் தண்ணியும் விட்டனான். இனி உள்ளை வைச்சுத் தையுங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

இப்போது என்ன சொல்வது? மீனுக்கு மூக்கு இல்லை என்று அவள் சொல்லுவாள். நான் அதைத் தூக்கிப் பின்வளவுக் கொடியில் போட்டேன். இரண்டு நாள் தூறலில் கிடந்தது. பிறகு முகத்தைப் புதைத்து மணந்து பார்த்தேன். ஒன்றும் மணக்கவில்லை. வருடக்கணக்காக வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் புகைக்குள் சாப்பிட்டுத் தூங்குகிறவனுடைய மூக்கு அது. என் வீட்டு மணம் எனக்குத் தெரியாது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

முதல் ஞாயிறு மத்தியானம் போனோம். ஒரு பக்கம் காடு, முன்னால் கோதுமை வயல், வேலியில் ஒரு முடக்கு. அங்கே கூடாரத்தை நிற்பாட்டி, ஃபோர்மன் வேலியிலிருந்து காய்ந்த கொடிகளை இழுத்து மேலே போட்டார். வேலையிடத்திலிருந்து சட்டைப்பையில் கொண்டுவந்த பஞ்சை ஒரு கிள்ளு எடுத்துக் காற்றில் விட்டார். அது எங்கள் முகத்தைத் தாண்டிப் பின்னால் போனது. நல்லது என்றார். உள்ளே இரண்டு ஸ்டூல். தோளோடு தோள். தேநீரும் இல்லை, புகையும் இல்லை, கதையும் இல்லை.

அப்படி மூன்று மணித்தியாலம். நான் ஒரு வெள்ளைக்காரருக்கு இவ்வளவு கிட்ட அதற்கு முன் இருந்ததில்லை. அவர் மூச்சு எனக்குக் கேட்டது. இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். யார் பிந்தி வருகிறார்கள், யார் துண்டுத் துணி கொண்டுபோகிறார்கள் என்று. ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு வழியாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

வெளிச்சம் சரியும்போது காட்டிலிருந்து மான்கள் வந்தன. ஏழு. முன்னால் ஒரு கிழட்டுப் பெண்மான். ஃபோர்மன் பொத்தானைக் கழற்றி யன்னல் மூடியை மடித்தார். சத்தமே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நேரம் காற்று முடக்கில் சுழன்றதாக்கும், கிழட்டு மான் கழுத்தை நிமிர்த்தியது. மூக்கை மேலே தூக்கியது. முன்காலால் நிலத்தை இரண்டு தரம் அடித்தது. பிறகு ஏழும் இல்லை.

"எதையோ மணந்துவிட்டது," என்றார் ஃபோர்மன். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

திங்கட்கிழமை அண்ணை காத்துக்கொண்டிருந்தார்.

"என்ன கேட்டவன்?"

"ஒண்டும் கேக்கேல்லை."

"மூண்டு மணித்தியாலம் ரெண்டு பேரும் ஒரு சாக்குக்குள்ளை இருந்தனீங்கள். ஒண்டும் கேக்கேல்லை?"

"மான் வந்தது. ஓடிட்டுது."

"நல்ல மான். சொல்ல விருப்பமில்லாட்டி விடு தம்பி. நான் ஏன் கேக்கிறன்." அதற்குப் பிறகு எனக்குத் தருகிற துணியை மேசையில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார். முன்பு கையில் தருவார்.

இரண்டாம் ஞாயிறு இடத்தை மாற்றினோம். நாலு மணிக்கு மழை பிடித்தது. துணி நனைந்தது. உள்ளே எங்கள் இருவருடைய உடம்புச் சூடு. நனைந்து சூடேறிய துணியிலிருந்து அது கிளம்பியது. அன்றைக்கு எனக்கே மணத்தது. வெள்ளிக்கிழமை மணம், எங்கள் மாடிப்படி மணம். மான்கள் அன்றைக்கு வயலுக்குள்ளேயே இறங்கவில்லை. காட்டு ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பின.

ஃபோர்மன் துவக்கை இறக்கிக் குண்டைக் கழற்றினார். துணியில் மூக்கை வைத்தார்.

"சேர்ச்சுக்குள் இருக்கிற மாதிரி மணக்கிறது," என்றார். "தோய்த்தாயா?"

"இல்லை."

"வீட்டுக்குள் வைத்தாயா?"

இல்லை என்றால் எங்கே வைத்தேன் என்று கேட்பார். அது எனக்குத் தெரிந்திருந்தது. ஆம் என்று சொல்லியிருக்கலாம். மனைவி தெரியாமல் செய்துவிட்டாள் என்று ஒரு வசனம். ஆனால் அவர் எனக்குச் சொன்னது ஒரே ஒரு விஷயம். அதைக்கூடச் செய்யத் தெரியாதவன் என்று நினைப்பார். பெயர் கொடுக்க இன்னும் பதினாலு நாள்கூட இல்லை. வேலையில் இருந்து அனுப்புவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

"வேலையிடத்தில் வைத்திருந்தேன்," என்றேன். "வெட்டுகிற மேசைக்குக் கீழே."

மழை கூடாரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

இதை விளங்கச் சொல்லவேண்டும். அண்ணை வெட்டும் மேசையின் மூலையில் சின்ன முருகன் படம் ஒன்று வைத்திருந்தார். முன்பு தினமும் காலையில் ஒரு ஊதுபத்தி கொளுத்துவார். கூரை முட்ட ஸ்பொஞ்ச் இருக்கிற இடத்தில் நெருப்பா என்று ஃபோர்மன் ஒருநாள் கத்தினார். ஒரு பொறி போதும், நாங்கள் எல்லோரும் கதவுக்கு ஓடி முடியாது என்றார். அதோடு நின்றது என்று ஃபோர்மன் நினைத்திருந்தார். நிற்கவில்லை. ஃபோர்மன் வருவது எட்டு மணிக்கு. அண்ணை ஏழு மணிக்கு வந்து கொளுத்திக் கும்பிட்டு, எட்டுக்கு முன் சாம்பலைத் துடைத்துவிடுவார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அவன் இன்னும் கொளுத்துகிறானா?" என்று ஃபோர்மன் கேட்டார்.

"ஓம்" என்று தமிழில் வந்தது. பிறகு "யெஸ்" என்றேன்.

இரண்டு ஞாயிறில் அவர் என்னிடம் வேலையிடத்தைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி அது. கேட்கவைத்ததும் நான்தான். அவர் கூடாரத்தைத் தானே மடித்துத் தன் வான் வண்டியில் போட்டார். இனித் தன்னிடம் இருக்கட்டும் என்றார்.

அடுத்த நாள் காலை ஆறரை பஸ் பிடித்து ஏழு மணிக்கே வேலைக்குப் போனேன். அண்ணை அப்போதுதான் நெருப்புப் பெட்டியை எடுத்திருந்தார்.

"அண்ணை, கொஞ்ச நாளைக்குக் கொளுத்தாதையுங்கோ."

"ஏன்? ஆர் என்ன சொன்னது?"

"சும்மா. நெருப்புத்தானே."

"ஆறு வருசமாய் இல்லாத நெருப்பு இப்ப எங்கையிருந்து வந்தது?" குச்சியைத் தட்டினார். "நீ ஏழு மணிக்கு இஞ்சை என்ன செய்யிறாய்? எத்தினை மணிக்கு நான் வாறன் எண்டு பாத்து எழுதச் சொன்னவனோ?"

"இல்லை அண்ணை. சத்தியமாய்."

"போடா. போய் உன்ரை மெஷினைப் பார்." என்னை அவர் 'டா' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். ஊதுபத்தியைப் படத்துக்கு முன்னால் குத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். நான் இப்படிச் சொல்லிப்போட்டன், அவன் வந்து பார்ப்பான், கவனம் என்று. சொன்னால் அந்த நிமிடமே முழு வேலையிடத்துக்கும் கேட்கிற மாதிரிக் கத்துவார். பிறகு ஃபோர்மனுக்கு என் பொய் தெரியும். நான் மெஷினுக்குப் போய் நூல் கோத்தேன்.

அதற்குப் பிறகு நானும் ஏழு மணிக்கே போய்க்கொண்டிருந்தேன். புதன்கிழமை ஃபோர்மன் ஏழு மணி பத்து நிமிடத்துக்கு வந்தார். ஏன் வந்தார் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. கதவில் நின்று வெட்டும் மேசையைப் பார்த்தார். புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. அண்ணை இரண்டு விரலால் அதை நசுக்கினார். ஃபோர்மன் தன் கண்ணாடி அறைக்குள் போனார். அண்ணை மேசையில் இருந்தபடி என்னை ஒருதரம் பார்த்தார். நான் குனிந்து கொண்டேன்.

மூன்றாம் ஞாயிறுதான் கடைசி ஞாயிறு. கூடாரத்தைப் பண்ணைக்காரரின் மாட்டுக் கொட்டிலில் அந்தக் கிழமை முழுக்கத் தொங்கவிட்டிருந்தாராம். உள்ளே போனதும் சாணியும் வைக்கோலும்தான் மணத்தது. அன்றைக்கு நான் ஒரு முடிவோடு போனேன். இருட்டுவதற்கு முன் சொல்லிவிடுவது. மேசைக்குக் கீழே இருக்கவில்லை, என் வீட்டில்தான் இருந்தது, மனைவி சாம்பிராணி போட்டவள் என்று. ஊதுபத்தியை அவர் பார்த்தது பார்த்ததுதான், அதை நான் மாற்ற முடியாது. ஆனால் நான் சொன்ன பொய்யையாவது எடுத்துவிடலாம். இங்கிலீசில் அந்த வசனத்தை பஸ்ஸிலும் வானிலும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஐந்து மணி அளவில் வாய் திறந்தேன். "அந்தத் துணி" என்று தொடங்கினேன். அவர் திரும்பாமலே கையைத் தூக்கி என் முழங்காலில் வைத்து அழுத்தினார்.

மான்கள் வயலில் நின்றன. கிழட்டு மான் மூக்கைத் தூக்கியது. எங்கள் பக்கம் பார்த்தது. பிறகு தலையைக் குனித்து மேயத் தொடங்கியது. மற்றவையும் வந்தன. ஃபோர்மன் யன்னல் வழியாகத் துவக்கின் நுனியை வைத்தார். என் பொத்தான், என் யன்னல், நான் தெரிந்தெடுத்த துணி. ஒன்றும் சத்தம் போடவில்லை. வெடிச் சத்தம் மட்டும்தான்.

கிழட்டு மான் விழுந்தது. மற்றவை ஓடி, கொஞ்சத் தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தன. இன்னொன்றும் விழுந்தது. இரண்டையும் வானுக்கு இழுத்து வர நான் கை கொடுத்தேன். இன்னும் சூடு இருந்தது. பண்ணைக்காரர் வந்து பார்த்து, ஃபோர்மனின் கையைக் குலுக்கினார். அடுத்த வருடமும் வாருங்கள் என்றார்.

ஒரு தொடையை வெட்டித் தருகிறேன் என்றார் ஃபோர்மன். வீட்டில் சாப்பிடமாட்டோம் என்றேன்.

"பிறகு எதற்கு வந்தாய்?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். நான் சிரித்தேன்.

வானில் வரும்போது சந்தோஷமாக இருந்தார். பாட்டு ஒன்றை வாய்க்குள் முணுமுணுத்தார். ரோம்ஃபோர்ட் தாண்டியதும், "நாளைக்குப் பெயர் சொல்லுவார்கள்" என்றார். "நீ பயப்படவேண்டாம்."

அந்தக் கிழமைகளில் நான் கேட்க ஏங்கியிருந்த சொல் அதுதான். அந்த வசனம் எனக்குள் அப்போதும் தயாராக இருந்தது. சொன்னால் 'பயப்படவேண்டாம்' என்றதை அவர் திரும்ப எடுத்துக்கொள்வாரோ என்று பார்த்தேன். மனோர் பார்க் விளக்குக் கம்பம் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

மனைவி கதவைத் திறந்து என் கையைப் பார்த்தாள்.

"மீன் எங்கை?"

"கிடைக்கேல்லை."

"மூண்டு கிழமையாய் ஒரு மீனும் கிடைக்கேல்லை," என்றாள். "கோட்டிலை என்ன ரத்தம்?"

வேலிக் கம்பி கிழித்தது என்றேன். அவள் கோட்டை வாங்கித் தண்ணீரில் போட்டாள்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. பத்து மணித் தேநீருக்கு மெஷின்களை நிற்பாட்டி இரண்டு பெயரை வாசித்தார்கள். ஒன்று மரச்சட்டம் அடிக்கிற ஒரு அயர்லாந்துக்காரர். மற்றது அண்ணை. அவர் கத்தரிக்கோலைப் பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்தார், படத்தையும் எடுத்துக்கொண்டார். போகும்போது என் பக்கம் பார்க்கவில்லை. வெட்டுவதற்கு ஆள் இல்லாதபடியால் மத்தியானம் ஃபோர்மன் என்னை மேசைக்கு அனுப்பினார். ஐந்து மணிக்குள் நாலு சோபாவுக்குத் துணி வெட்டினேன்.